‘நேரில் வரவும்’ என்று எழுதும் சேலத்து முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்தில் கடை, ஷோரூம், மில், மருத்துவமனை, பள்ளி நடத்தி ஆள் எடுக்கும் பெரியவர்களுக்கு,

போன மாதம் உங்கள் சங்கத்தின் சுற்றறிக்கையை டைப் செய்து 150 பிரதி எடுத்துக் கொடுத்தவன் நான். அஸ்தம்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் கொடுக்கும் தாளைப் படிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத விதி. ஆனால் டைப் அடிக்கிறவன் படிக்காமல் எப்படி அடிப்பான்? அதுவுமில்லாமல், எல்லாக் கடை வாசலிலும் ஒட்டத்தான் போகிறோம் என்று கொண்டுவந்தவரே சொன்னார். ஆகவே ரகசியம் எதையும் நான் உடைக்கவில்லை. சங்கத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை.

அதில் மூன்று முடிவுகள் இருந்தன. வேலை கேட்டு போன் செய்தால் விவரம் எதுவும் சொல்லக் கூடாது, நேரில்தான் வரச் சொல்ல வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கையில் கொண்டுவந்தால்தான் விண்ணப்பம் வாங்க வேண்டும். விண்ணப்பத்துக்கு 200 ரூபாய் பதிவுக் கட்டணம், திருப்பித் தரப்படாது. காரணத்தையும் போட்டிருந்தீர்கள்: டைம்பாஸுக்கு வருகிறவர்களை வடிகட்டுவதற்காக.

அந்த ‘வடிகட்டுவதற்காக’ என்ற இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. வந்தவர், "என்ன அண்ணே, கம்ப்யூட்டர் ஹேங் ஆயிடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு அடித்து முடித்தேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

உங்களுக்கு நான் அந்நியன் இல்லை. "ஆட்கள் தேவை" என்று நீங்கள் ஒட்டும் நோட்டீஸில் கொஞ்சம் என் பிரிண்டரில் அடித்ததுதான். அதைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளின் பயோடேட்டாவும் அதே பிரிண்டரில்தான் வருகிறது. பல நாள் இரண்டும் ஒரே மேசையில் அருகருகே கிடக்கும். ஒருவர் ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பிவிட்டுப் போவார். அவர் வண்டியை எடுப்பதற்குள் அடுத்தவர் வேலை கிடைக்கவில்லை என்று வந்து நிற்பார். வேலை தேடுகிறவர்கள் செய்யும் செலவில் ஒரு பங்கு என் கல்லாவுக்குத்தான் வருகிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் தங்கை மகளின் கணக்கைச் சொல்கிறேன். அவள் பி.காம். ஏற்காட்டில் நாகலூருக்கு அந்தப் பக்கம் ஊர். போன வருஷம் ஜூனிலிருந்து டிசம்பர் வரை வேலை தேடி 14 முறை மலையிலிருந்து இறங்கி வந்தாள். கணக்குப் பிள்ளை இல்லையா, ஒவ்வொரு முறையும் போகும்போது என் கடையில் உட்கார்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் செலவை எழுதிவிட்டுத்தான் போவாள்.

ஒரு நாளை மட்டும் விரித்துச் சொல்கிறேன். அக்டோபரில் ஒரு நாள், நல்ல மழை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, ஊரிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஏற்காடு வந்து, அங்கிருந்து பஸ். இருபது கொண்டை ஊசி வளைவு. அவளுக்கு இறங்கும்போது குமட்டும், அதனால் எதுவும் சாப்பிடாமல் எலுமிச்சம்பழம் ஒன்றை முகர்ந்துகொண்டே வருவாள். சான்றிதழ் ஃபைலைத் துணிக்கடைக் கவரில் சுற்றி, அதன்மேல் இன்னொரு கவர் போட்டுக் கட்டியிருந்தாள். தலை நனைந்திருந்தது, ஃபைல் நனையவில்லை. பத்து மணிக்குள் ஒரு ஷோரூமில் போய் உட்கார்ந்தாள். கணக்காளர் தேவை என்று வாசலில் நோட்டீஸ் இருந்தது. மேனேஜர் 11 மணிக்கு வருவார் என்றார்கள். அப்புறம் 12 என்றார்கள். ஒன்றேகாலுக்கு வாட்ச்மேன் வந்து, "அந்த போஸ்ட் போன வாரமே ஃபில் ஆயிடுச்சும்மா" என்று சொல்லி அனுப்பினார். நோட்டீஸ் அப்போதும் வாசலில் அப்படியேதான் இருந்தது.

அன்றைக்கு நோட்டில் எழுதியது: ஊர் ஆட்டோ, பஸ் 150. டவுனுக்குள் ஆட்டோ 60. சாப்பாடு 70. எலுமிச்சம்பழம் 5. அதற்குக் கீழே, கூலி 400, போச்சு. ஏற்காட்டில் தங்கும் விடுதி ஒன்றில் நாள் கூலிக்கு வரவேற்பு மேசையில் நிற்கிறாள். இறங்கி வரும் நாளெல்லாம் அந்தக் கூலி போய்விடும்.

பெண்களுக்குத்தான் டவுன் பஸ் இலவசமாயிற்றே என்று உங்களில் ஒருவர் என்னிடமே கேட்டார். இலவசம்தான், நல்ல திட்டம்தான். ஆனால் இவளுடைய செலவில் பாதிக்கு மேல், டவுன் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. வாட்ச்மேன் சொல்லும் ‘மேனேஜர் 11 மணிக்கு’ என்பதை நம்பி, டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஆட்டோ பிடித்தால் மிச்சமும் போய்விடும். மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டும். அது இந்த நோட்டில் வரவே இல்லை.

மொத்தக் கணக்கு இது. போக்குவரத்து, சாப்பாடு 14 நாளுக்கு 3,920 ரூபாய். பிரிண்ட், போட்டோ, கூரியர் 480. (என் கடையில் அவளுக்குக் காசு வாங்குவதில்லை, இது மற்ற இடங்களில் கொடுத்தது.) இன்டர்வியூவுக்கென்று எடுத்த சுடிதார் 900. ஆக, கையிலிருந்து போனது 5,300. இழந்த கூலி 5,600. இரண்டும் சேர்த்து 10,900 ரூபாய். இந்தப் பதினாலு இடத்திலும் அவளுக்குச் சொல்லப்பட்ட அதிகபட்சச் சம்பளம் 9,500.

பதினாலில் ஐந்து இடங்களில் வேலை ஏற்கெனவே போயிருந்தது. மூன்று இடங்களில் முதலாளியோ மேனேஜரோ ஊரில் இல்லை, நாளைக்கு வா. இரண்டு இடங்களில் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டுக் கடைசியில் சம்பளத்தைச் சொன்னார்கள்; ஹாஸ்டல் வாடகை போக ஒன்றும் மிஞ்சாது. இரண்டு இடங்களில், "மலையிலிருந்தா? தினமும் எப்படி வருவே?" என்பதோடு முடிந்தது. இன்டர்வியூ என்று சொல்லத்தக்கது நடந்தது இரண்டே இடத்தில். அவர்களும் பிறகு சொல்கிறோம் என்றார்கள். இன்னும் சொல்லவில்லை.

இந்த இரண்டை விட்டால் மீதிப் பன்னிரண்டும் ஒரு போன் காலில் முடிந்திருக்க வேண்டிய சமாச்சாரம். அவள் போன் செய்யாமலும் இல்லை. சம்பளம் எவ்வளவுங்க என்று கேட்டால், நேர்ல வாம்மா பேசிக்கலாம் என்பார்கள். இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்டாலும் அதே பதில். இவ்வளவு நாள் வழக்கமாக இருந்ததை உங்கள் சுற்றறிக்கை இப்போது சட்டமாக ஆக்குகிறது. அதற்கு மேல் 200 ரூபாய் வேறு.

அரசு என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருக்கும் பட்டதாரிக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருந்தால், மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. இவள் கைக்காசாகச் செலவழித்ததே மாதம் 750-க்கு மேல் வருகிறது. அதுவும் காத்திருக்கும் அந்த ஐந்து வருஷத்துக்குள்தான் அத்தனை தேடலும் நடக்கிறது. அரசைப் பற்றித் தனியாக எழுதலாம். இந்த மடல் உங்களுக்கு.

நான் அஞ்சல் வழியில் எம்.ஏ. பொருளாதாரம் படித்தவன். அதற்கு வேலை கிடைக்காமல்தான் கடை போட்டேன். 2010-ல் பீட்டர் டயமண்ட், டேல் மார்டென்சன், கிறிஸ்டோபர் பிஸ்ஸாரிடெஸ் மூவருக்கும் பொருளாதார நோபல் கொடுத்தபோது, என் கடை மேசையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது. வேலையும் காலியாக இருக்கும், ஆளும் சும்மா இருப்பான். இரண்டும் ஒரே ஊரில் ஒரே நேரத்தில் எப்படி என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. இவனை அவனும் அவனை இவனும் கண்டுபிடிக்க ஆகும் காசும் நாளும்தான் நடுவில் நிற்கிறது என்றார்கள். அந்தச் செலவு ஏற ஏற, காலியிடம் நிரம்ப இன்னும் நாளாகும், வேலையில்லாதவர் இன்னும் நாள் சும்மா இருப்பார். உழைக்க மனசு இருக்கிறதா இல்லையா என்ற பேச்சுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

டயமண்ட் 1971-ல் எழுதிய இன்னொரு கட்டுரை இதைவிடச் சுருக்கென்று தைக்கும். அடுத்த கடைக்குப் போய் விலை கேட்க ஒரு சின்னச் செலவு இருந்தால்கூடப் போதும், பத்துக் கடை இருந்தாலும் ஒரே ஒரு கடை இருப்பது மாதிரி விலை வைக்கலாம் என்று காட்டினார். விலை என்று இருக்கும் இடத்தில் சம்பளம் என்று போட்டுப் பாருங்கள். 9,500 வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கதவைத் தட்ட அவளுக்கு இன்னொரு 280 ரூபாயும் ஒரு நாள் கூலியும் வேண்டும். அது உங்களுக்கும் தெரியும். சம்பளத்தை நோட்டீஸில் போடாமல் இருப்பது இதனால்தான்.

குற்றம் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், நானும் அதைச் செய்தவன்தான். இரண்டு வருஷம் முன்பு கடைக்கு ஒரு பையன் தேவைப்பட்டது. "ஆள் தேவை, நேரில் அணுகவும்" என்று கண்ணாடியில் ஒட்டினேன். இரண்டு வாரத்தில் நாலு பேர் வந்தார்கள், சம்பளத்தைக் கேட்டார்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று போனார்கள். என் மனைவிதான், "சம்பளத்தை எழுதினா உங்களுக்கு என்ன குறைஞ்சிடும்?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால், பத்தாயிரத்துக்குக் கீழே யாராவது சிக்குவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே வேறு தாளில் அடித்தேன்: மாதம் 11,000, காலை 9 முதல் இரவு 7, ஞாயிறு விடுமுறை, போன் நம்பர். மாலைக்குள் மூன்று போன் வந்தது. கன்னங்குறிச்சிப் பையன் ஒருவன் மறுநாளே சேர்ந்தான், இன்றைக்கும் இருக்கிறான். அந்த இரண்டு வாரத்தில் ஸ்பைரல் பைண்டிங் வேலை எவ்வளவு கைவிட்டுப் போனது என்று நான் கணக்கு வைக்கவில்லை. தங்கை மகள் மாதிரி நோட்டுப் போடும் புத்தி எனக்கு இல்லை.

இனி அந்த 200 ரூபாய்க்கு வருகிறேன்.

கட்டணம் வைத்தால் டைம்பாஸ் ஆட்கள் நின்றுவிடுவார்கள், உண்மையில் வேலை வேண்டியவன் கட்டிவிட்டு வருவான் என்பது உங்கள் எண்ணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்கு நேர் எதிரான ஒன்றை எத்தியோப்பியாவில் செய்து பார்த்திருக்கிறார்கள். கிரும் அபேபே, ஸ்டெஃபனோ காரியா, எஸ்தபான் ஓர்டிஸ்-ஓஸ்பினா மூவரும் செய்த ஆய்வு, 2021-ல் அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ என்ற பொருளாதார ஆய்விதழில் வந்தது. எழுத்தர் வேலைக்கு விளம்பரம் கொடுத்து, விண்ணப்பிக்கிறவர்களுக்குச் சிறு தொகை தருவதாகச் சொன்னார்கள். அவர்களிடம் வாங்கவில்லை, அவர்களுக்குக் கொடுத்தார்கள்! உங்கள் கணக்குப்படி காசுக்காக வருகிற கூட்டம் சேர்ந்திருக்க வேண்டும். நடந்தது வேறு, விண்ணப்பித்தவர்களின் திறமை கூடியது.

காரணம் எளியது. திறமையும் கையில் காசும் இரண்டும் இருக்கிறவர்கள் சீக்கிரமே வேலை பிடித்துப் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகும் வேலை இல்லாமல் இருக்கும் திறமைசாலி யார்? தேடுகிற செலவைத் தாங்க முடியாதவர். அங்கே ஆள் எடுக்கிறவர்களிடமும் இதைப் பற்றிக் கேட்டுப் பார்த்தார்கள். பணம் கொடுத்தால் இவ்வளவு பலன் வரும் என்று அவர்களும் எதிர்பார்க்கவில்லை. ஆகவே உங்களை மட்டும் நான் குறைசொல்ல முடியாது.

அதே நாட்டின் தலைநகர் அடிஸ் அபாபாவில் இன்னொன்று. காலியிட அறிவிப்புகளை நகரத்தின் நடுவில் பலகைகளில் ஒட்டுவார்கள். புறநகரில் இருக்கும் இளைஞர்கள் பஸ் ஏறி வந்துதான் பார்க்க வேண்டும். சைமன் ஃப்ராங்க்ளின் என்பவர் பஸ் காசை மட்டும் கொடுத்துப் பார்த்தார். 2018-ல் வெளியான அவருடைய ஆய்வின்படி, தேடுவதும் கூடியது, நல்ல நிரந்தர வேலை கிடைப்பதும் கூடியது. காசு கிடைக்காதவர்கள் நாளாக நாளாகத் தேடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். பதினாலாவது தடவை போய்விட்டு வந்தபோது, "இனிமே வரலை மாமா, அடுத்த மாசம் சீசன் கூலியாவது வரட்டும்" என்று இவள் சொன்னது எனக்கு அங்கேதான் ஞாபகம் வந்தது.

நீங்கள் சேலத்துக்காரர்கள், ஏற்காட்டுக் காப்பி குடிக்கிறவர்கள். ஃபில்டரில் எது கீழே இறங்குகிறது, எது மேலே நிற்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிகாஷனைக் கீழே விட்டுவிட்டு மேல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஆளே சரியில்லை என்கிறீர்கள். (200 ரூபாய் கட்டிவிட்டு வருகிறவர்களைச் சக்கை என்று சொல்லவில்லை. உவமை அவ்வளவு தூரத்துக்கு இழுக்காது.)

டி.என்.பி.எஸ்.சி. பணம் வாங்கவில்லையா என்று கேட்கலாம். குரூப் 4 தேர்வுக்கு 100 ரூபாய் வாங்குகிறார்கள். அதிலும் பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற விதவைகளுக்கு விலக்கு இருக்கிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பழங்குடியினர். உங்கள் சுற்றறிக்கையில் விலக்கு என்ற சொல்லே இல்லை, நான்தான் டைப் செய்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. வேலைக்கு முன்பணம் கேட்டால் அது ஏமாற்று வேலை, கட்டாதே என்றுதான் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். என் கடைக்கே அப்படி ஏமாந்தவர்கள் புகார் மனு அடிக்க வந்திருக்கிறார்கள். நாளைக்கு நீங்களும் கட்டணம் கேட்டால் உங்களையும் அந்தக் கும்பலையும் ஒரு பிள்ளை எப்படிப் பிரித்துப் பார்ப்பாள்?

ஜனவரியில் ஒரு நாள், அந்த அக்டோபர் மழையில் அவளை உட்கார வைத்த அதே ஷோரூமிலிருந்து ஆள் வந்தார். கணக்காளர் தேவை, நேரில் வரவும். ஆறு மாதத்தில் மூன்றாவது முறையாக அதே நோட்டீஸ். ஏற்கெனவே சேர்ந்தவர் இரண்டு மாதத்தில் கூடுதல் சம்பளத்துக்குப் போய்விட்டாராம். "தகுதியான ஆளே கிடைக்க மாட்டேங்கறாங்க அண்ணே" என்றார். பழைய ஃபைல் கம்ப்யூட்டரில் இருந்தது. தேதியை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்தேன். அவள் பயோடேட்டாவும் அதே கம்ப்யூட்டரில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்து, அவளுக்கே போன் செய்தேன். "அங்க வேண்டாம் மாமா" என்றாள்.

நான் கேட்பவை இவை.

முதலில் அந்த 200 ரூபாயை எடுத்துவிடுங்கள். சுற்றறிக்கை வந்த பிறகு யாரிடமாவது வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

நோட்டீஸில் சம்பளம், வேலை நேரம், வேலை செய்யும் இடம், போன் நம்பர் நான்கையும் போடுங்கள். சம்பளத்தை ஒரே எண்ணாகச் சொல்ல முடியாவிட்டால் இத்தனையிலிருந்து இத்தனை வரை என்றாவது போடுங்கள். ‘தகுதிக்கேற்ப’ என்று மட்டும் வேண்டாம். இடம் நிரம்பிய அன்றே நோட்டீஸைக் கிழித்துவிடுங்கள். அந்த ஐந்து பயணமும் இது ஒன்றினாலேயே மிச்சமாகியிருக்கும்.

முதல் பேச்சை போனிலோ வாட்ஸ்அப்பிலோ வைத்துக்கொள்ளுங்கள். மலையிலிருந்து வருபவர் வேண்டாம் என்றால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். கேட்க மனசு வலிக்கும், ஆனால் ஒரு நாள் கூலி மிஞ்சும். அசல் சான்றிதழை வேலை உறுதியான பிறகு பார்த்தால் போதும்.

நேரில் வரச் சொன்னால் நேரத்தைக் குறித்துச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்கு மேனேஜர் இருக்கட்டும். ஊருக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்குப் போகும்போது பஸ் காசு கொடுங்கள். பத்துப் பேரைக் கூப்பிட்டாலும், ஆளுக்கு 300 வைத்தாலும் 3,000 ரூபாய். கணக்காளர் இல்லாமல் ஒரு வாரம் ஓட்டுவதில் உங்களுக்கு எவ்வளவு போகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எடுக்கவில்லை என்றால் அதை இரண்டு வரி மெசேஜில் சொல்லிவிடுங்கள்.

சங்கமாகச் சேர்ந்து மாதம் ஒரு நாள் ஏற்காட்டிலும், ஆத்தூர், மேட்டூரிலும் இன்டர்வியூ வையுங்கள். மலையிலிருந்து முப்பது பேர் இறங்குவதற்குப் பதில் உங்கள் ஆள் இரண்டு பேர் ஒரு காரில் ஏறி வரலாம். தனியார் வேலைகளுக்கென்று தமிழக அரசு நடத்தும் இணையதளத்தில் காலியிடத்தைப் பதிய உங்களுக்குச் செலவும் இல்லை. பதியத் தெரியாவிட்டால் கடைக்கு வாருங்கள், நான் பதிந்து தருகிறேன்.

என் பங்குக்கு ஒன்று. சம்பளமும் போன் நம்பரும் போட்ட ‘ஆள் தேவை’ நோட்டீஸ் யார் கொண்டுவந்தாலும், இந்த வருஷம் முழுக்க இருபது பிரதி வரை காசு வாங்காமல் அடித்துக் கொடுக்கிறேன். பதிவுக் கட்டணம் 200 என்று எழுதியிருந்தால் வேறு கடை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அஸ்தம்பட்டி ஜெராக்ஸ் கடைக்காரன்